247 பகா எண்ணா? வகுபடும் விதிகளும் காரணிகளைக் காணும் வழியும்

தமிழ் எழுத்துகள் மொத்தம் 247. உயிர் 12, மெய் 18, இவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்த 247ஐத் தாளில் எழுதி, 1ஐயும் 247ஐயும் தவிர வேறு ஏதேனும் ஓர் எண் இதை மீதியின்றி வகுக்குமா என்று கேட்டால், கணக்கில் தேர்ந்தவர்களும் சற்றுத் தயங்குவார்கள். கடைசி இலக்கம் 7. ஆகவே 2ஆலும் 5ஆலும் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 13; ஆகவே 3ஆலும் வகுபடாது. இந்த இடத்திலேயே பலர் முயற்சியைக் கைவிட்டு, 247 பகா எண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. ஏன் தவறு என்பதையும், எந்த முழு எண்ணைக் கொடுத்தாலும் அதன் காரணிகளில் ஒன்றுகூட விடுபடாமல் எப்படிக் காண்பது என்பதையும் இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி. ஓர் எண்ணை வேறொரு முழு எண்ணால் பெருக்கக் கிடைப்பது அதன் மடங்கு. 6இன் காரணிகள் 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டுமே. 6இன் மடங்குகளுக்கோ முடிவே இல்லை. தேர்வுத்தாளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதும் பிள்ளைகள் ஏராளம். காரணி எண்ணுக்குள் அடங்குவது, மடங்கு எண்ணைத் தாண்டி வளர்வது என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, 1ஐவிடப் பெரிய எண் பகா எண். வேறு காரணிகளும் உடையது பகு எண். 1 இவ்விரண்டிலும் சேராது.

விதிகள் எங்கிருந்து வருகின்றன

வகுபடும் விதிகளை மந்திரம்போல் மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மனப்பாடம் செய்தவர்கள் மூன்றுக்கான விதியை நான்குக்கும், நான்குக்கான விதியை ஆறுக்கும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். நாம் எண்களைப் பத்து பத்தாகக் கட்டி எழுதுகிறோம். அதனால் எல்லா விதிகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: 10, 100, 1000 ஆகியவற்றை அந்த வகுத்தியால் வகுத்தால் மீதி என்ன? இதற்கு விடை தெரிந்தால் விதியை நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

மீதி பூச்சியமாக வரும் எண்களிலிருந்து தொடங்குவோம். 10 என்பது 2ஆலும் 5ஆலும் மீதியின்றி வகுபடும். எனவே 247ஐ 240 + 7 என்று பிரித்தால், 240ஐப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. 7ஐ மட்டும் பார்த்தால் போதும். கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்றால் 2ஆல் வகுபடும். 0 அல்லது 5 என்றால் 5ஆல் வகுபடும். 0 என்றால் 10ஆல் வகுபடும். அடுத்து, 10 என்பது 4ஆல் வகுபடாது, ஆனால் 100 வகுபடும். ஆகவே 4க்குக் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 25க்கும் அதே காரணத்தால் அதே விதி. லீப் ஆண்டைக் கணிக்கும்போது நாம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்ப்பதும் இதனால்தான். ஆனால் 1582இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டி, நூற்றாண்டு முடியும் ஆண்டுகளுக்கு மட்டும் 400ஆல் வகுபட வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனையை விதித்தது. அதனால் 2000 லீப் ஆண்டாக இருந்தது. 1900 லீப் ஆண்டாக இல்லை, 2100உம் இருக்காது.

8க்கு 1000 வரை போக வேண்டும். அதாவது கடைசி மூன்று இலக்கங்கள் 8ஆல் வகுபட வேண்டும். மூன்று இலக்க எண்ணை மனத்தில் 8ஆல் வகுப்பது சிலருக்குச் சிரமமாக இருக்கும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. 200 என்பது 8ஆல் வகுபடும், 100ஐ 8ஆல் வகுத்தால் மீதி 4. எனவே நூறாம் இட இலக்கம் இரட்டைப்படை என்றால் கடைசி இரண்டு இலக்கங்களை அப்படியே பார்க்கலாம்; ஒற்றைப்படை என்றால் அவற்றுடன் 4ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும். 7,736இல் நூறாம் இடத்தில் 7 இருக்கிறது; 36 + 4 = 40; 40 என்பது 8ஆல் வகுபடுவதால் 7,736உம் வகுபடும்.

மூன்றும் ஒன்பதும்

10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1. 100ஐ வகுத்தாலும் 1, 1000ஐ வகுத்தாலும் 1. ஏனெனில் 9, 99, 999 ஆகிய எல்லாமே 9இன் மடங்குகள். ஆகவே 247இல் உள்ள இரண்டு நூறுகள் மீதியாக 2ஐயும், நான்கு பத்துகள் மீதியாக 4ஐயும் விட்டுச் செல்லும். கடைசி 7 அப்படியே நிற்கும். இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்று நாம் சொல்வது, உண்மையில் மீதிகளைக் கூட்டுவதுதான். 2 + 4 + 7 = 13, மறுபடியும் 1 + 3 = 4. ஆகவே 247 என்பது 9ஆல் வகுபடாது என்பதோடு, வகுத்தால் மீதி 4 வரும் என்பதும் தெரிந்துவிடுகிறது. 3 என்பது 9இன் காரணி என்பதால் அதற்கும் இதே விதி பொருந்தும்: கூடுதல் 3ஆல் வகுபட்டால் எண்ணும் 3ஆல் வகுபடும். கடைசி இலக்கம் 3, 6, 9 என்று முடிந்தால் 3ஆல் வகுபடும் என்று நினைப்பது, 2க்கும் 5க்கும் உரிய விதியை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதால் நேரும் பிழை. 13, 26, 29 ஆகிய மூன்றும் அதைப் பொய்யாக்கும்.

இந்த மீதியைப் பெருக்கலைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். 347 × 28 = 9,716 என்று விடை வந்திருக்கிறது என்று கொள்வோம். 347இன் இலக்கக் கூடுதல் 14, அதிலிருந்து 5. 28க்கு 10, அதிலிருந்து 1. இரண்டையும் பெருக்கினால் 5. விடையின் இலக்கக் கூடுதல் 23, அதிலிருந்து 5. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாவிட்டால் பெருக்கல் நிச்சயமாகத் தவறு. ஒத்துப்போனாலோ சரியாக இருக்கலாம் என்று மட்டுமே சொல்ல முடியும். 9,716ஐ 9,176 என்று இடம் மாற்றி எழுதியிருந்தால் இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காது, ஏனெனில் இலக்கங்கள் அதேதான். இந்தக் குறைதான் கணக்குப்பதிவில் ஒரு துப்பாகவும் உதவுகிறது. ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி இடம் மாற்றி எழுதினாலும், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 9இன் மடங்காகவே இருக்கும். பேரேட்டில் இருபுறமும் 900 ரூபாய் உதைக்கிறது என்றால், 5,400ஐ யாரேனும் 4,500 என்று எழுதிவிட்டார்களா என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

பதினொன்றும், ஏழும் அதன் கூட்டாளிகளும்

11ஐப் பொறுத்தவரை, 10 அதைவிட ஒன்று குறைவு; 100 அதன் மடங்கான 99ஐவிட ஒன்று அதிகம்; 1000 அதன் மடங்கான 1001ஐவிட ஒன்று குறைவு. இப்படி மாறி மாறி வருவதால் இலக்கங்களையும் மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும். 91,828இல் வலப்புறத்திலிருந்து 8 − 2 + 8 − 1 + 9 = 22. இது 11இன் மடங்கு. ஆகவே 91,828 என்பது 11ஆல் வகுபடும், ஈவு 8,348. விடை பூச்சியமாக வந்தாலும் எண் வகுபடும் என்பதை மறந்துவிடக் கூடாது. பூச்சியம் எல்லா எண்களுக்கும் மடங்குதான்.

ஏழுக்கு விதி இல்லை என்று சொல்வோர் உண்டு. விதி இருக்கிறது, கடைசி இலக்கத்தை இரட்டித்து, அந்த இலக்கத்தை நீக்கிய மீதிப் பகுதியிலிருந்து கழிக்க வேண்டும். 133ஐ எடுத்துக்கொண்டால், 13 − 6 = 7; ஆகவே வகுபடும். இதன் காரணம் 21இல் இருக்கிறது. கடைசி இலக்கம் 1ஆக உள்ள 7இன் மடங்கு 21. 133இலிருந்து 21ஐ மூன்று முறை கழித்தால் கடைசி இலக்கமான 3 மறைந்து 70 கிடைக்கும். 70இலுள்ள பூச்சியத்தை நீக்குவதால் 7ஆல் வகுபடும் தன்மை மாறாது. இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற பகா எண்களுக்கும் விதியை நாமே ஆக்கிக்கொள்ளலாம். 17இன் மடங்கான 51ஐ வைத்து, கடைசி இலக்கத்தின் ஐந்து மடங்கைக் கழிக்கலாம். 13க்கும் 19க்கும் கழிப்பதைவிடக் கூட்டுவது எளிது: 13இன் மடங்கான 39ஐ வைத்துக் கடைசி இலக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்ட வேண்டும், 19க்கு இரண்டு மடங்கைக் கூட்டினால் போதும்.

இப்போது 247க்குத் திரும்புவோம். ஏழுக்கு: 24 − 14 = 10, வகுபடாது. பதினொன்றுக்கு: 7 − 4 + 2 = 5, வகுபடாது. பதின்மூன்றுக்கு: 24 + 28 = 52. இது 13இன் நான்கு மடங்கு. ஆகவே 247 என்பது 13ஆல் வகுபடும்; 247 = 13 × 19. தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை ஒரு பகு எண்.

ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கும் வழியும் ஒன்று உண்டு. 7 × 11 × 13 = 1001. எனவே பெரிய எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அவற்றை மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், கிடைக்கும் சிறிய எண்ணை மட்டும் சோதித்தால் போதும். இங்கே நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. நாம் இலட்சக் கணக்கில் காற்புள்ளி இடுவதால், ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரிந்திருக்கும். 25,34,532 என்ற எண்ணில் காற்புள்ளியைப் பின்பற்றினால் கணக்கு கெட்டுப்போகும். அதை 2, 534, 532 என்று பிரிக்க வேண்டும். 532 − 534 + 2 = 0. ஆகவே இந்த எண் 7, 11, 13 ஆகிய மூன்றாலும் வகுபடும். ஏதேனும் ஒரு மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இருமுறை எழுதினால், 486486 என்பதுபோல, அது இம்மூன்றாலும் தவறாமல் வகுபடும் என்பதற்கும் இதுவே காரணம். சிறு பிள்ளைகளிடம் இதைக் கண்கட்டு வித்தையாகச் செய்து காட்டலாம்.

இருந்தாலும் என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 17க்கு மேல் விதி தேடுவதால் பயன் குறைவு. 23க்கும் 29க்கும் விதியை நினைவுபடுத்திக்கொள்ளும் நேரத்தில் தாளில் நேராகவே வகுத்து முடித்துவிடலாம்.

பகு எண்களுக்கு விதியை இணைக்கும்போது

6ஆல் வகுபட வேண்டுமானால் 2ஆலும் 3ஆலும் வகுபட வேண்டும். 12க்கு 3உம் 4உம், 15க்கு 3உம் 5உம், 18க்கு 2உம் 9உம், 24க்கு 3உம் 8உம். இப்படி இணைக்கும் இரண்டு எண்களுக்கும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கக் கூடாது. அதாவது அவை சார்பகா எண்களாக இருக்க வேண்டும். 4 × 6 = 24 என்பதால் 4ஆலும் 6ஆலும் வகுபடுவது 24ஆலும் வகுபடும் என்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. 36ஐ எடுத்துப் பார்த்தால் அது 4ஆலும் 6ஆலும் வகுபடுகிறது, 24ஆல் வகுபடவில்லை. 4இலும் 6இலும் உள்ள 2 ஒன்றே என்பதால், அதை இரண்டு முறை எண்ணிவிட்டதுதான் பிழை.

காரணிகளை விடுபடாமல் காண்பது

உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கையான 216ஐ எடுத்துக்கொள்வோம். காரணிகள் எப்போதும் இணை இணையாகவே வரும்; 2 ஒரு காரணி என்றால் 216 ÷ 2 = 108உம் காரணிதான். எனவே 1இலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து, வகுபடும்போதெல்லாம் இணையையும் சேர்த்து எழுதிக்கொண்டே வர வேண்டும். 1 × 216. 2 × 108. இலக்கக் கூடுதல் 9 என்பதால் 3 × 72. கடைசி இரண்டு இலக்கங்கள் 16 என்பதால் 4 × 54. 5 இல்லை. 6 × 36. ஏழுக்கு 21 − 12 = 9, ஆகவே இல்லை. 8 × 27. 9 × 24. 10 இல்லை, 11 இல்லை. 12 × 18. 13 இல்லை, 7 காரணியாக இல்லாதபோது 14உம் இருக்க முடியாது.

எங்கே நிறுத்துவது என்பதே பலருக்கும் ஐயம். 15 × 15 = 225 என்பது 216ஐத் தாண்டிவிடுகிறது. ஓர் இணையில் இரண்டு எண்களுமே 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றின் பெருக்கம் 225க்குக் குறையாது; ஆகவே ஒவ்வோர் இணையிலும் ஓர் எண்ணாவது 15க்குக் கீழே இருந்தே தீரும். அப்படிப்பட்ட எண்களை எல்லாம் நாம் சோதித்துவிட்டோம். எனவே வர்க்கமூலம் வரை போனால் போதும். இப்போது இடப்புற எண்களை ஏறுவரிசையிலும் வலப்புற எண்களைக் கீழிருந்து மேலாகவும் எழுதினால் 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24, 27, 36, 54, 72, 108, 216 என்று 16 காரணிகள் வரிசையாக நிற்கும். கடைசியாகக் கிடைத்த இணை 12உம் 18உம், அதாவது உயிரும் மெய்யும்.

144 போன்ற முழு வர்க்க எண்ணில் கடைசி இணை 12 × 12 என்று வரும். அந்த 12ஐ ஒருமுறைதான் எண்ண வேண்டும். அதனால் முழு வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும், 144க்கு 15. மற்ற எண்களுக்கு இரட்டைப்படை. உங்கள் பட்டியலில் ஏதேனும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க இதை ஒரு முதல் சோதனையாகக் கொள்ளலாம்.

ஓர் எண் பகா எண்தானா என்று மட்டும் அறிய வேண்டுமானால், வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 100க்குள் இது மிக எளிது. 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாத பகு எண்கள் 100க்குள் மூன்றே மூன்றுதான்: 49, 77, 91. இவற்றில் முதல் இரண்டும் வாய்பாட்டில் உடனே கண்ணில் பட்டுவிடும், 91தான் ஏமாற்றும். பெரிய எண்களில் பொறுமை வேண்டும். 2021க்கு 2இலிருந்து 41 வரை எந்தப் பகா எண்ணாலும் மீதியின்றி வகுக்க முடியாது. அலுத்துப்போய் அங்கே நிறுத்தியவர் அதைப் பகா எண் என்று எழுதிவிடுவார். ஆனால் அதன் வர்க்கமூலம் 44ஐத் தாண்டுகிறது. எனவே 43ஐயும் சோதித்தாக வேண்டும். 43 × 47 = 2021. அதே நேரத்தில் 2027க்கு 43 வரையுள்ள 14 பகா எண்களையும் சோதித்தாலும் ஒன்றுகூட வகுக்காது. அது பகா எண்ணேதான்.

பகாக் காரணிகளின் வழி

எண் பெரிதாகி, காரணிகளும் மிகுந்துவிட்டால், இணை இணையாகத் தேடுவது சலிப்பூட்டும். அப்போது முதலில் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க வேண்டும். 5,040ஐ எடுத்துக்கொண்டால், கடைசிப் பூச்சியத்தால் 10 வெளியே வந்து 504 நிற்கும்; 504 என்பது 8ஆல் வகுபட்டு 63 நிற்கும்; 63 = 9 × 7. ஆகவே 5,040 = 2⁴ × 3² × 5 × 7. பாடநூல்களில் காரணிச் செடி என்று வரைந்து காட்டுவது இதைத்தான். செடியை எந்தக் கிளையிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் நிற்கும் பகா எண்கள் அவையேதான்.

5,040இன் ஒவ்வொரு காரணியையும், இந்தப் பகா எண்களில் எத்தனை எத்தனை எடுத்துக்கொள்கிறோம் என்பதை வைத்து ஆக்கிவிடலாம். 2ஐ எடுக்காமல் விடலாம், அல்லது நான்கு முறை வரை எடுக்கலாம். ஆக 5 வழிகள். 3க்கு 3 வழிகள், 5க்கு 2, 7க்கு 2. ஆகவே காரணிகளின் எண்ணிக்கை 5 × 3 × 2 × 2 = 60. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்ற விதி இதுதான். முன்பு கண்ட 216 = 2³ × 3³ என்பதற்கு 4 × 4 = 16 என்று வருவதால் நம் பட்டியலும் சரியெனத் தெரிகிறது. காரணிகளை எழுத, 1, 2, 4, 8 என்பவற்றை மேல் வரிசையிலும் 1, 3, 9, 27 என்பவற்றை இடப்பக்கத்திலும் வைத்துக் கட்டம் போட்டுப் பெருக்கினால் பதினாறும் ஒன்றும் விடாமல் கிடைக்கும்.

5,040க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 60 காரணிகள் கிடையாது. தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட 12, 24, 36, 48, 60, 120 போன்ற எண்களை ஆராய்ந்து, ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் 1915இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். 5,040உம் அத்தகைய எண்தான். மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று பழங்காலத்தவர் வகுத்ததன் வசதியும் இத்தகைய எண்களில்தான் இருக்கிறது. எந்தப் பங்காகப் பிரித்தாலும் மீதி நிற்பது அரிது. 1957க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது ‘பை’ என்னும் சிறு காசுகள் 192 இருந்தன. 192 = 2⁶ × 3; காரணிகள் 14. அதை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 64 பை. இன்றைய 100 பைசாவுக்குக் காரணிகள் 9தான், மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கவும் முடியாது.

இராமானுஜன் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் 1729ஐக் கடைசிப் பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது: 1³ + 12³, 9³ + 10³. இரண்டு கனங்களின் கூடுதல் எப்போதும் அந்த இரண்டு எண்களின் கூடுதலால் வகுபடும். எனவே முதல் விதம் 1 + 12 = 13 என்ற காரணியையும், இரண்டாம் விதம் 9 + 10 = 19 என்ற காரணியையும் வகுக்காமலேயே காட்டிக்கொடுக்கின்றன. 13 × 19 = 247; 1729 ÷ 247 = 7. ஆகவே 1729 = 7 × 13 × 19, காரணிகள் 2 × 2 × 2 = 8. இணைகளாக எழுதினால் 1 × 1729, 7 × 247, 13 × 133, 19 × 91. பகா எண்கள்போல் தோன்றி ஏமாற்றிய 91, 133, 247 ஆகிய மூன்றும் இங்கே ஒரே எண்ணின் காரணிகளாக வந்து நிற்கின்றன.